புதுப்பிப்பு: பழைய ஃபோர்டுக்கு எலெக்ட்ரிக் பம்ப் போட்டாயிற்று

என் பழைய ஃபோர்டு கார் (பிளாட்ஹெட் வி8 இன்ஜின்), பினாங்கு வெயிலில் நெரிசலில் நின்றாலே பெட்ரோல் ஆவியாகி அணைந்துவிடுகிறது, டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ள எந்த எலெக்ட்ரிக் பம்ப் போடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

முதலில், பெட்ரோலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் காருக்கான பம்பைப் போட்டுவிட்டேன். தவறு. அது 40 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை தள்ளும்; என் வண்டியில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டருக்கு 3-க்குள் போதும். அதற்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வு தாங்காமல், பெட்ரோல் இன்ஜின் மேலுள்ள மேனிஃபோல்டு குழாய் மேல் வழிந்தது. நல்ல வேளை, இன்ஜின் சூடாகியிருக்கவில்லை.

இப்போது குறைந்த அழுத்த பம்ப், கூடவே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். மீட்டர் 2.5 காட்டுகிறது. பம்பை டேங்க் பக்கத்திலேயே, தாழ்வாகப் பொருத்தினோம். இழுப்பதைவிடத் தள்ளுவதுதான் அதற்கு எளிது. அப்புறம், ஆயில் அழுத்தம் விழுந்தால் பம்பை நிறுத்தும் சுவிட்ச். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இது இல்லாவிட்டால், விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நேற்று மதியம் பினாங்கின் கொம்தார் கோபுரம் பக்கம் நல்ல நெரிசல். வண்டி அணையவே இல்லை.