அக்கினி மூலை தெற்கிலா, வடக்கிலா?

பீனிக்ஸ் வாசி:
நம் டர்பன் நகரத்து மேரிபாங்க் நண்பர் நேற்று சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் சூரியன் வடக்கு வானில் செல்வதால், அக்கினி மூலையும் தென்கிழக்கை விட்டு வடகிழக்குக்கு வந்துவிட்டதாம். நான் அடுப்பை அங்கேதான் வைக்க வேண்டுமாம். பீனிக்ஸ் பகுதியில் உள்ள என் மனை கிழக்கு பார்த்தது. தெற்கே பக்கத்து வீட்டாருடன் பொதுச்சுவர். வடக்குத் தெற்காக 6 மீட்டர், கிழக்கு மேற்காக 9 மீட்டர். இதற்குள் கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை அனைத்தும் அடங்க வேண்டும். ஈசானிய மூலையான அந்த வடகிழக்கில் விளக்கு ஏற்றலாம் என்றிருந்த என்னை, அங்கே எண்ணெய்ச் சட்டியை வைக்கச் சொல்கிறார்.

மேரிபாங்க் நண்பர்:
சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன். டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறது. வாஸ்து எழுதியவர்கள் வடக்கு அரைக்கோளத்தில் இருந்தவர்கள். அங்கே சூரியன் தெற்கே சாயும், இங்கே வடக்கே சாயும். சூரியனே பக்கம் மாறிய பிறகு அடுப்பு மட்டும் பிடிவாதம் பிடிப்பானேன்?

பீனிக்ஸ் வாசி:
தஞ்சாவூரிலேயே ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு மேலிருந்து வடக்கே தள்ளித்தான் நிற்கிறது. அங்குள்ளவர்கள் ஜூன் பிறந்ததும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வடகிழக்குக்கு ஓடுகிறார்களா? சூரியன் இங்கும் கிழக்கில்தான் உதிக்கிறது; அக்கினி மூலை தென்கிழக்குதான்.

பழைய கொத்தனார்:
இருவருமே சுவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கிறீர்கள். ஜூன் 21 நண்பகலில் டர்பன் சூரியன் வடக்கே ஏறத்தாழ 37 பாகை உயரத்தில்தான் இருக்கும். வடக்குச் சன்னல் 2.1 மீட்டர் உயரம் வரை இருந்தால், வெயில் இரண்டரை மீட்டருக்கு மேல் உள்ளே வந்து தரையில் விழும். அந்தக் குளிர்கால வெயிலை அடுப்புக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை இருட்டில் படுக்க வைப்பவன் வீடு கட்டத் தெரியாதவன். தென்கிழக்கில் வைத்தாலோ, தெற்கே பொதுச்சுவர், சன்னல் வைக்க முடியாது, கிழக்கே தெரு. மீன் குழம்பின் புகை தெருவழியாகத்தான் போகும். ஆகவே சமையலறை தென்மேற்கில், பின்பக்கம், குளியலறையோடு ஒட்டி இருக்கட்டும். தண்ணீர்க்குழாயும் கழிவுக்குழாயும் ஒரே சுவரில் அடங்கும், செலவும் குறையும்.

மேரிபாங்க் நண்பர்:
தென்மேற்கா? குளிர் காற்றும் மழையும் வருவதே அந்தப் பக்கத்திலிருந்துதான். பின்கதவைத் திறந்தால் அடுப்பு அணையும். அதுவும் வாஸ்துவில் அது கன்னி மூலை, வீட்டுத் தலைவர் படுக்கும் இடம். கொத்தனார் ஐயா அங்கே கழிப்பறையையும் சேர்த்து வைக்கிறார்!

சாட்ஸ்வொர்த் அக்கா:
எங்கள் பாட்டி, டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் குடியிருந்தவர். 1960களில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, எந்த வீடு எந்தத் திசை பார்க்கும் என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்த வீட்டில் ஏறிக்கொண்டோம். எந்த மூலையில் இடம் கிடைத்ததோ அங்கே அடுப்பு, எந்தச் சுவரில் ஆணி அடிக்க முடிந்ததோ அங்கே சாமி படம். பக்கத்து வீட்டில் அம்மியில் மிளகாய் அரைத்தால் எங்கள் வீட்டுப் பாத்திரம் ஆடும், அதுதான் எங்கள் வாஸ்து. கொத்தனார் அண்ணன் குழாயைப் பற்றிப் பேசுவதுதான் வேடிக்கை. இவர் சொல்லைக் கேட்டு என் தம்பி பின்வாசலை அடைத்துச் சமையலறையை நீட்டியதில், கழிவுநீர்க் குழியின் மூடி இப்போது தரை ஓட்டுக்கு அடியில் கிடக்கிறது.

பழைய கொத்தனார்:
மூடியின் மேல் ஓடு பதிக்கச் சொன்னது நானல்ல. வரைபடம் இல்லாமல் நீட்டாதே என்று மூன்று முறை சொன்னேன். அதை இங்கே இழுக்க வேண்டாம், அக்கா. வசிக்கும் அறை 6 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குச் சிறுக்கக்கூடாது என்பது கட்டட விதி. சமையலறை தெரு முகப்பை எடுத்துக்கொண்டால் கூடத்துக்கு மிஞ்சுவது நடைபாதைதான். பொதுச்சுவரை 220 மில்லிமீட்டரில் கூரை ஓட்டின் அடிவரை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் அக்கினி எந்த மூலையில் பிடித்தாலும் கூரைக்குள் நுழைந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

பீனிக்ஸ் வாசி:
சுவரின் கனத்தை நான் கேட்கவே இல்லை, ஐயா. அக்கினி மூலை எது என்றுதான் கேட்டேன்.

மேரிபாங்க் நண்பர்:
அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. வடகிழக்கு.

பழைய கொத்தனார்:
வடகிழக்கில் அடுப்பை வைத்தால் காலை வெயில் அடுப்புக்கு, கூடம் பொதுச்சுவரோரம் இருட்டில். தென்மேற்கு என்றேன், தென்மேற்குதான். சனிக்கிழமை வரைபடக்காரர் வரும்போது நானும் வருகிறேன்.

பீனிக்ஸ் வாசி:
தாங்கள் வர வேண்டாம், ஐயா. தென்கிழக்குதான்.