டயல்-அப் இணைகிறது, பிபிபி எழவில்லை: உதவி தேவை

வணக்கம். லினக்ஸில் தொலைபேசி வழி இணையத்துக்கு முயல்கிறேன்; மோடம் இணைந்தும் பிபிபி (இணையத் தரவை அந்த லைனில் கொண்டுசெல்லும் நெறிமுறை) தொடங்கவில்லை. இது வெளியே வைக்கும் சீரியல் மோடம். வின்மோடம் (பாதி வேலையைக் கணினியின் மென்பொருளிடம் விடும் வகை) இல்லை, அதனால் டிரைவர் தொல்லை கிடையாது. மினிகாமில் (மோடத்துடன் நேரடியாகப் பேசும் நிரல்) ஏடி என்ற சோதனைக் கட்டளையை அடித்தால் ஓகே வருகிறது. பயனரை, மோடத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்த்தாயிற்று.

டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயலை ஓட்டினால் கிரீச்சொலி அடங்கி 'கனெக்ட் 49333' வரை ஒழுங்காக வருகிறது. அதன்பிறகுதான் கோளாறு. பிபிபியை நடத்தும் நிரலான பிபிபிடி 3 விநாடிக்கு ஒன்றாக 10 முறை எல்சிபி (இணைப்பை அமைக்கும் முதல் கட்டம்) கோரிக்கை அனுப்புகிறது; பதிலே இல்லாததால் 30 விநாடியில் லைனைத் துண்டித்துவிடுகிறது. கடவுச்சொல் கட்டத்துக்கே போகவில்லை, ஆகவே கடவுச்சொல் வைக்கும் பாப், சாப் கோப்புகள் மீது சந்தேகம் இல்லை. இணைந்ததும் லாகினுக்குக் காத்திராமல் பிபிபிடியைத் தொடங்கும் 'ஸ்டுபிட் மோட்' போட்டும் அதே கதைதான்.

மினிகாமில் கையால் டயல் செய்தால், இணைந்த பின் திரை வெறுமையாகவே நிற்கிறது. மறுமுனையில் பிபிபி தொடங்கியிருந்தால் ~} போன்ற குறிகள் கொட்ட வேண்டுமே! மறுமுனை லாகின் பெயருக்காகக் காத்திருக்கிறதா? அப்படியானால் சாட் ஸ்கிரிப்டில் (எதற்குக் காத்திருந்து எதை அனுப்புவது என்ற பட்டியல்) முதலில் என்டர் அனுப்ப எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் அந்த வரியை அப்படியே போடுங்கள்.