ஒரே சார்டொனே, ஒன்பது வருடம்: ஐந்து பாட்டில் திறந்த அனுபவம்

பெர்த்வாசி

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறேன். இங்கிருந்து தெற்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் மார்கரெட் ரிவர் என்ற ஒயின் பகுதி வந்துவிடும். 2014-இல் குடும்பத்தோடு போனபோது ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தில் அவர்களுடைய 2011 விளைச்சல் சார்டொனேயை, அதாவது அந்தப் பெயருள்ள திராட்சையில் செய்த வெள்ளை ஒயினை, ஊற்றிக் கொடுத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரு பாட்டில் கேட்டேன். ஊற்றிக் கொடுத்த அம்மாள், "ஆறாக வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டு வருடத்துக்கு ஒன்று திறந்து பாருங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெர்த்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். அதனால் சின்னதாக ஓர் ஒயின் ஃபிரிட்ஜ் வாங்கி, 13 டிகிரியில் வைத்தேன். கூடவே ஒரு நோட்டும் போட்டேன். அதில் எழுதியதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதல் பாட்டில், 2014. வெளிறிய வைக்கோல் நிறம், ஓரத்தில் லேசாகப் பச்சை. முகர்ந்ததும் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறின வாசனை. அதற்குப் பின்னால் தீக்குச்சி உரசினது போல ஒன்று, அப்புறம் புதுப்பலகையை இழைத்த மணம். வாயில் வைத்தால் புளிப்புத்தான் முன்னால் நின்றது. மூன்றும் தனித்தனியாக வந்தன, ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

2016. பலகை மணம் உள்ளே போய்விட்டது. பீச் பழம், வறுத்த முந்திரி. இதை யாருக்குக் கொடுத்தாலும் பிடித்திருக்கும்.

2018-இல் திறந்தபோதுதான் மனசு உடைந்துபோனது. வாசனையே இல்லை. பழமும் இல்லை, முந்திரியும் இல்லை. வாயில் புளிப்பும் கொஞ்சம் கசப்பும்தான் இருந்தன. கெட்டுப்போய்விட்டது என்றே முடிவு செய்து, பாதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் இரவு சமையலில் ஊற்றலாம் என்று எடுத்தேன். ஊற்றுவதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். முந்தின நாள் இல்லாத பழமெல்லாம் வந்து நின்றது. பிறகு விசாரித்ததில், இப்படி ஓர் ஊமைப் பருவம் பல நல்ல வெள்ளை ஒயின்களுக்கு வருவதுண்டு என்றார்கள். இளமையின் பழ வாசனை குறைந்திருக்கும், முதிர்ந்த வாசனை இன்னும் வந்திருக்காது. நடுவில் மாட்டிக்கொண்ட பாட்டிலைத் திறந்திருக்கிறேன்.

2020 பாட்டிலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரவு போய்விடும். வெண்ணெய் காய்ச்சும்போது, நெய்யாகப் பதம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அடியில் கசடு பொன்னிறமாகும் நேரத்தில் ஒரு வாசனை வருமே, அதுதான். கூடத் தேன். ஆனால் வாயில் துளி இனிப்பு கிடையாது, உப்புக் கல்லை நக்கின மாதிரி முடிந்தது. விழுங்கின பிறகும் அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. நானும் மனைவியும் அன்றைக்கு அதிகம் பேசவே இல்லை.

ஐந்தாவது, 2023. நிறம் நல்ல பொன். தேன்மெழுகு, காளான், காய்ந்த நாரத்தைத் தோல். இவை தவிர எங்கேயோ ரொம்பத் தெரிந்த அடுக்களை வாசனை ஒன்று. மூக்கு நுனியில் நின்றது, பெயர் வரவில்லை. நோட்டில் "பருப்புப்பொடி? ஊறுகாய்த் தாளிப்பு?" என்று கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அது என்னவென்று உங்களில் யாருக்காவது தெரியுமா? ஆறாவது பாட்டில் இன்னும் பாக்கி இருக்கிறது.

செயின்நதிக்கரை

அண்ணை, அது வெந்தயம்.

நான் பாரிஸில் ஓர் உணவகத்துக் குசினியில் கன வருசமாக வேலை செய்கிறேன். 2010-ஆம் ஆண்டு ஓர் இரவு, ஒரு மேசைக்கு மெர்சோ போனது, 2002 விளைச்சல். பிரான்சின் பர்கண்டி வைன் பிரதேசத்தில் போன் நகருக்குத் தெற்கே இருக்கிற ஊர்தான் மெர்சோ. அங்கே வெள்ளை வைன் எண்டால் சார்டொனேதான். வைன் பார்க்கிற பொடியன் முதல் போத்தலைத் திறந்து ஊற்ற, நிறம் வெளிறின தேத்தண்ணி மாதிரி. மணந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கி, அதை அப்படியே ஒதுக்கி வைத்தான். அதே பெட்டியில் இருந்து இன்னொன்று எடுத்துத் திறந்தான். அது தெளிந்த பொன் நிறம்.

பிறகு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் குசினிக்குள்ளே கொண்டுவந்து எங்களுக்கு நீட்டினான். நல்ல போத்தலில் உருகின வெண்ணெய், வறுத்த ஹேசல்நட், நீங்கள் சொன்ன அதே தேன். பழுதான போத்தலில் வெட்டி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் மணம், அதோடு கறித்தூளுக்கு வறுக்கிற வெந்தயம். நான் உடனேயே வெந்தயம் எண்டு சொல்ல, அவனுக்கு அப்படி ஒரு சாமான் இருப்பதே தெரியாது. அடுத்த நாள் ஒரு சின்னப் போத்தலில் வெந்தயம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து மணந்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரே தோட்டம், ஒரே வருசம், ஒரே பெட்டி, எட்டு வயது. ஒன்று உச்சத்தில் நிற்கிறது, மற்றது செத்துப்போய்விட்டது. 1990-களின் நடுப்பகுதி விளைச்சலில் இருந்து பர்கண்டி வெள்ளை வைன்களில் இந்தப் பிரச்சினை பெரிதாகக் கதைக்கப்படுகிறது, காலத்துக்கு முந்தி முதிர்ந்துபோவது. தக்கைதான் காரணம் எண்டார்கள், கெடாமல் இருக்கப் போடுகிற சல்பரைக் குறைத்தது எண்டார்கள், பழத்தை மெதுவாகப் பிழிகிற புது இயந்திரங்கள் எண்டார்கள், பீப்பாயில் ஈஸ்ட் வண்டலை அளவுக்கு மிஞ்சிக் கிளறினது எண்டும் சொன்னார்கள். ஒன்று மட்டும் காரணமாக இருக்க முடியாது எண்டுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஒரே பெட்டிக்குள்ளேயே வித்தியாசம் வருவதைக் கண்ணால் பார்த்த எனக்குத் தக்கை மேல்தான் கூடச் சந்தேகம். ஒவ்வொரு தக்கையும் ஒவ்வொரு அளவு காற்றை உள்ளே விடும்.

உங்களுடையது திருகு மூடியா, தக்கையா?

பெர்த்வாசி

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அடுக்களைக்குப் போய் வெந்தய டப்பாவைத் திறந்தேன். அதேதான்! ஒரு வருடத்துக்கு மேலாக என்னைப் படுத்திய கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டீர்கள்.

என்னுடையது திருகு மூடி. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் இப்போது அதுதான். வெந்தயம் அதில் துளிதான் இருந்தது, மற்ற வாசனைகளோடு சேர்ந்து அழகாகவே இருந்தது. உங்கள் முதல் போத்தல் போல அது மட்டுமே நிற்கவில்லை.

நீங்கள் பெயர் சொன்ன பிறகு தேடிப் படித்தேன். வெந்தயத்துக்கு அதன் வாசனையைக் கொடுப்பது சோட்டலோன் என்ற ஒரு பொருள். வெந்தயம் நிறையச் சாப்பிட்டால் வேர்வையிலும் சிறுநீரிலும் ஒரு பாகு வாசனை வருமே, அதற்கும் இதைத்தான் சொல்கிறார்கள். வெள்ளை ஒயினில் ஆக்சிஜன் புகுந்து ஆல்கஹால் அசிட்டால்டிஹைடாக மாறும்போது, வெட்டி வைத்த ஆப்பிள் வாசனை வரும். அந்த அசிட்டால்டிஹைடு இன்னொரு பொருளோடு கூடிச் சோட்டலோன் ஆகிறது. கொஞ்சமாக இருந்தால் பாகு, தேன் பக்கம் இழுக்கும். கூடினால் வெந்தயம், கறிப்பொடி.

இதையெல்லாம் தடுத்து நிற்பது பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கிற சல்பர் டைஆக்சைடு. அது வருடா வருடம் தேய்ந்துகொண்டே வரும். தீர்ந்ததும் ஒயினுக்குக் காவல் இல்லை.

கிழக்குலண்டன்

இருவரும் பீப்பாயில் வைத்த சார்டொனேயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பீப்பாயே படாத ஒன்றை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது என்னுடைய ஒரு தப்பான எண்ணத்தை மாற்றியது.

இரண்டு வருடங்களுக்கு முன் லண்டனிலிருந்து காரிலேயே ஷாப்லி போனோம். பர்கண்டியின் வடகோடி, நல்ல குளிர். செரின் ஆற்றுக்கு அந்தப் பக்கச் சரிவில் கிராண்ட் க்ரூ என்ற மிக உயர்ந்த தரத் தோட்டங்கள் ஏழும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. நிலத்தில் கையை வைத்தால் சுண்ணாம்புக் கற்களில் கால்புள்ளி அளவுக்குச் சின்னச் சின்னச் சிப்பிகள். அந்த இடம் ஒரு காலத்தில் கடலடி.

நாங்கள் போன வீட்டில் எல்லாம் எஃகுத் தொட்டிதான், ஓக் பீப்பாய் கிடையாது. அந்தப் பெரியவர் ஒரே தோட்டத்தின் மூன்று வெவ்வேறு வயது ஒயின்களை வரிசையாக வைத்தார்: இரண்டு, ஏழு, பதினான்கு. இரண்டு வயதுக்காரன் பச்சை ஆப்பிள், நனைந்த கல். ஏழு வயதில் கல் அப்படியே இருந்தது, எலுமிச்சை மட்டும் பழுத்தது போல இருந்தது. பதினான்கு வயதில் தேன், காளான், வறுத்த பருப்பு வாசனை.

வறுத்த பருப்பு, வெண்ணெய், தேன் எல்லாம் பீப்பாயிலிருந்து வருகிறது என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பீப்பாயே பார்க்காத ஒயினில் அதே வாசனை! "இதில் ஓக் எவ்வளவு?" என்று கேட்டேவிட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார், பாட்டிலை விரலால் தட்டிக் காண்பித்தார்.

இப்போது இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன். ஓக் கொடுப்பது வனிலா, தேங்காய், கிராம்பு, புகை. இளம் சார்டொனேயின் வெண்ணெய் வாசனை, மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக்கும்போது உண்டாகும் டைஅசிட்டைலால் வருவது. ஆனால் பெர்த் அண்ணா 2020-இல் பார்த்த அந்த நெய்ப்பதம் பாட்டிலில் பிறந்தது. வேறு வேறு பிறப்பு, மூக்குக்கு உறவுக்காரர்கள் போலத் தெரிகிறார்கள்.

இன்னொன்று. பழைய ஒயின் வாயில் மிருதுவாக இருப்பதால் புளிப்பு குறைந்துவிட்டது என்று நினைத்தேன். அதுவும் இல்லை. பாட்டிலில் அமிலத்தின் அளவு பெரிதாக மாறுவதில்லை. சுற்றி இருக்கிற ருசிகள் கூடக் கூடப் புளிப்பு முன்னால் வந்து நிற்பதில்லை, அவ்வளவுதான். பதினான்கு வயது ஒயினைக் குடித்து ஒரு நிமிடம் கழித்துக் கன்னத்தின் உள்பக்கம் ஊறியது, இளசுக்கு ஊறின அதே அளவு.

அண்ணாநகர்க்காரன்

என் கதை சின்னது, வருத்தமானது. 2017-இல் வெளிநாட்டிலிருந்து வரும்போது விமான நிலையக் கடையில் நல்ல பர்கண்டி வெள்ளை ஒன்று வாங்கினேன். மகள் கல்லூரி முடிக்கும்போது திறக்கலாம் என்று அடுக்களை அலமாரியில் நிற்க வைத்தேன். சென்னை வெயிலில் மூன்று கோடை. 2020-இல் திறந்தபோது பழுப்பு நிறம். செயின்நதிக்கரை சொன்ன ஆப்பிள், வெந்தயம் இரண்டும் இருந்தன, அவற்றுக்கு மேலே வேக வைத்த பழ வாசனையும் இருந்தது. கார்க் ஓரமாக ஒட்டின ஈரம் வழிந்து காய்ந்திருந்தது. கார்க்கும் உலர்ந்து போயிருந்தது. மகளுக்கு ஒரு வாய் கொடுக்கக்கூட மனம் வரவில்லை.

நம் ஊரில் சாதாரண அறையில் இதை வளர்த்தெடுக்க முடியாது. ஏசி அறையும் போதாது, பகலில் அணைத்துவிடுவோம், சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முறையான ஃபிரிட்ஜ் இல்லையென்றால் வாங்கின வருடமே குடித்துவிடுங்கள். இதைப் படிக்கிறவர் ஒருவராவது அந்தப் பாட்டிலைக் காப்பாற்றினால் போதும் எனக்கு.

செயின்நதிக்கரை

சென்னை அண்ணை, கேட்கக் கவலையாக இருக்கு. சூட்டில் வேதிமாற்றம் எல்லாம் பல மடங்கு வேகமாகப் போகும், மூன்று கோடை ஒரு வைனுக்கு மிகப் பெரிய பாரம்.

பெர்த் அண்ணை, ஆறாவது போத்தலை எப்போது திறக்கப் போறீங்கள்? வெந்தயம் தொடங்கிவிட்டது எண்டால் கன காலம் வைக்காதேங்கோ.

பெர்த்வாசி

அதைத்தான் இரண்டு நாளாக யோசித்தேன். மார்கரெட் ரிவரில் ஜின்ஜின் என்கிற சார்டொனே வகைதான் அதிகம். ஒரே குலையில் பெரிய பழமும் பட்டாணி அளவுப் பழமும் கலந்து காய்க்கும், கோழியும் குஞ்சும் என்று அங்கே சொல்கிறார்கள். குஞ்சுப் பழங்களில் சாறு கொஞ்சம், தோல் அதிகம், சாரமும் புளிப்பும் கெட்டியாக இருக்கும். அதனால் இன்னும் நாலைந்து வருடம் நிற்கக்கூட நிற்கலாம். ஆனால் எனக்குத் துணிச்சல் இல்லை. 2023-இல் பார்த்த வெந்தயம் அளவாக இருந்தது. அதற்கு மேல் கூடினால் தேனும் நாரத்தையும் மறைந்துவிடும்.

எனவே வருகிற ஜூலையில், இங்கே குளிர்காலத்தில், திறக்கிறேன். ஊற்றுவதற்கு முன் சாதாரண ஃபிரிட்ஜில் குளிர வைக்கப் போவதில்லை. ஒயின் ஃபிரிட்ஜின் 13 டிகிரியிலேயே எடுத்து, வாய் அகன்ற கிளாஸில் ஊற்றப் போகிறேன். ஐந்தாவது பாட்டிலை ரொம்பக் குளிராக ஊற்றிவிட்டு, காளான் வாசனைக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பாதியை மூடி வைத்து மறுநாளும் பார்க்கப் போகிறேன், 2018 கற்றுக்கொடுத்தது அது. கூடவே அதே தோட்டத்தின் புது விளைச்சல் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைக்கிறேன். எலுமிச்சைத் தோலிலிருந்து நாரத்தைத் தோல் வரை ஒரே மேசையில் இருக்கும்.

கிழக்குலண்டன் தங்கை கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெந்தயமும் இருக்கும். குறிப்பை அன்றிரவே இங்கே எழுதுகிறேன்.