சிப்பானி டால்ஃபின்: பாடியைத் தடவிப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய சிப்பானி டால்ஃபின் காரை வாங்கிப் பழுதுபார்க்க நினைப்பவர்களுக்கு, ஊருக்கு ஒருவராகச் சொல்வது இது.

மன்னார்குடி:
எங்கோ ஒரு கொட்டகையில் டால்ஃபின் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் முதலில் பாடியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். அது ஃபைபர். எத்தனை ஐப்பசி மழை பார்த்தாலும் துருப்பிடிக்காது. ஆளை ஏமாற்றுவதும் அதனால்தான். துரு கீழே, இரும்பு ஃபிரேமில் இருக்கும். அது பெட்டி வடிவத் தகடு. உள்ளே ஈரம் தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். மேல் பெயின்ட் பளிச்சென்றே இருக்கும்.

சின்னச் சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் சத்தம் எங்கே மங்குகிறதோ அங்கே ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். பின்னால் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், முன்னால் சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் பிடிக்கும் இடம், இரண்டிலும் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ஃபிரேமில் வெல்டிங் வேலை இருந்தால் பாடியைக் கழற்றாமல் தொடாதீர்கள். ஃபைபரில் இருக்கிற ரெசின் என்ற பிசின் நன்றாக எரியும். கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் கழற்றிய கூட்டை ஆறு பேர் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். துருவின் மேலேயே தகடு ஒட்டாமல், அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வையுங்கள். வேலை முடிந்ததும் பெட்டிக்குள் துருவைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வேக்ஸ் அடித்து, தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.

தஞ்சாவூர்:
புதிதாக வருகிற தம்பிகளுக்காக: 1982-இல் பெங்களூரில் சிப்பானி கொண்டுவந்த கார் இது. மூலம் இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன். 848 சிசி அலுமினிய இன்ஜின், பின்சக்கர ஓட்டம், இரண்டு கதவு. கிட்டனின் சக்தி 40 குதிரைத்திறன்தான். ஆனால் எடை ஐந்நூற்றுச் சொச்சம் கிலோ. எண்பதுகளில் ராலிக்காரர்கள் இதைத் தேடிப் பிடித்ததற்கு அந்த எடைதான் காரணம்.

அதனால் மாருதி ஆம்னி இன்ஜினைத் தூக்கிப் போடலாமா என்று கேட்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பர் மாறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அதைவிட, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். வேகத்தைக் கூட்டினால் நிறுத்துவது எப்படி? எடையைக் கூட்டாமல் வைத்திருப்பதுதான் இந்த வண்டிக்குச் செய்கிற ட்யூனிங்.

கும்பகோணம்:
அண்ணன் சொன்ன அந்த இன்ஜினில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அலுமினிய பிளாக்கில் இரும்பு லைனர்கள், அதாவது பிஸ்டன் ஓடுகிற குழாய்கள், தனியாக உட்கார்ந்திருக்கின்றன, சுற்றிலும் தண்ணீர் ஓடும். ஹெட்டைக் கழற்றியதும் வாஷரும் போல்ட்டும் போட்டு லைனரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டனோடு லைனரும் மேலே எழும்பும், அடி கேஸ்கெட் விடும், தண்ணீர் இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்புக்குள் இறங்கும். ஆயில் பால்காப்பி நிறத்தில் வந்தால் ஹெட் கேஸ்கெட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

லைனர் பிளாக்கின் முகத்தைவிட எவ்வளவு துருத்துகிறது என்று டயல் கேஜ் வைத்து நாலையும் அளந்து பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் அந்த இடத்தில்தான் கேஸ்கெட் ஊதும். போல்ட் மரை அலுமினியத்தில் இருக்கிறது. பழைய போல்ட்டை முறுக்கும்போது வழுக்கினால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே போகப் போக உப்பு. பித்தளை ரேடியேட்டர், அலுமினிய பிளாக், இரும்பு லைனர் மூன்றையும் உப்புத் தண்ணீரில் நனைத்தால் அது பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு, கூலன்ட் ஒரு பங்கு. உதிரி பாகத்துக்கு கிட்டன் என்று மட்டும் தேடாமல், ரிலையன்ட் ராபின் 850 என்றும் தேடுங்கள். அந்த மூணு சக்கர வண்டியிலும் இதே இன்ஜின்தான்.

நாகப்பட்டினம்:
பாடி வேலைக்கு டிங்கரிங் பட்டறைக்குப் போகாதீர்கள், ஃபைபர் படகு ஒட்டுகிறவரைத் தேடுங்கள். அக்கரைப்பேட்டை முதல் பூம்புகார் வரை இருக்கிறார்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: படகுக்குப் போடுகிற மாதிரி நாலைந்து அடுக்கு வேண்டாம், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு போதும். இல்லையென்றால் தஞ்சாவூர்க்காரர் சொன்ன எடை போய்விடும்.

விரிசல் கதவுக் கீல் ஓரத்திலும் கண்ணாடித் தூண் அடியிலும்தான் வரும். நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. மேலே பட்டி பூசினால் அடுத்த மழைக்கே திரும்ப வரும். உள்பக்கம், விரிசலுக்கு இருபுறமும் 5 செ.மீ. பூச்சு இல்லாத வெறும் ஃபைபர் தெரியும்வரை தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, அங்கே மேட் ஒட்டுங்கள். பழைய ஃபைபரோடு புதிய ரெசின் பிடிப்பது அந்தச் சொரசொரப்பில்தான். ஒரு சதுர மீட்டர் மேட் ஏறக்குறைய ஒரு கிலோ ரெசின் குடிக்கும். கிலோ ரெசினுக்கு அதை இறுகவைக்கும் ஹார்டனர் 10 மில்லி. சித்திரை வெயிலில் அதற்கு மேல் ஊற்றினால் மக்கிலேயே இறுகிவிடும். காலை பத்து மணிக்குள் முடியுங்கள். கார்த்திகை ஈரத்தில் தொடாதீர்கள்.

இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டுப் பிறகுதான் ஹார்டனர். இரண்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும். மிரட்டலுக்குச் சொல்லவில்லை. பழைய பெயின்ட்டை எடுக்க பெயின்ட் ரிமூவரும் கூடாது, மேல்பூச்சையே தின்றுவிடும். உப்புத்தாளும் பொறுமையும்தான்.

திருவாரூர்:
ஹெட்லைட் மங்கல், இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது என்றால் எர்த் கோளாறு. ஃபைபரில் கரன்ட் ஓடாது, ஒவ்வொரு விளக்குக்கும் ஃபிரேம் வரை தனி எர்த் ஒயர் வேண்டும். அந்த முனைதான் துருப்பிடித்திருக்கும். பல்பை மாற்றுவதற்கு முன் அதைத் தேய்த்துப் பாருங்கள்.

அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறுகிற தை, மாசியில் வண்டி அதன் பக்கத்தில் நின்றால் எலி ஒயரிங்கை முடித்துவிடும். தள்ளி நிறுத்துங்கள்.

மயிலாடுதுறை:
இப்போது பங்கில் கிடைப்பது இ20. இருபது சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்துப் பிசுபிசுப்பாக்கும். டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ஹோஸ் போடுங்கள். கலவைக்கும் ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் பெட்ரோல் குறைந்த மெலிந்த கலவையில் இன்ஜின் சூடாகும், பிளக் வெள்ளையாக வெளுக்கும். ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏற்றிய பழைய ராலி வண்டியென்றால் இதை முதலில் பாருங்கள். மழைக்காலத்தில் வண்டி ஓடாது என்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு தண்ணீராக அடியில் தங்கும்.

விண்டேஜ் பதிவு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 2021 விதிப்படி ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும். முதல் டால்ஃபினுக்கே அது 2032-இல்தான். அதுவரை சாதாரண ஆர்.சி. புதுப்பிப்புதான், ஐந்தைந்து வருடமாக. ஆகவே ஆர்.சி. இல்லாத வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சேசிஸ் நம்பரைத் துருவைச் சுரண்டிப் படித்து, கையில் இருக்கிற காகிதத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே பணம்.