கியர் பாக்ஸ் பக்கம் ஆயில் சொட்டுகிறது: பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி (சத்துவாச்சாரி)

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்சக்கர டிரைவ், ஐந்து கியர், கிளட்ச் கேபிள் வகை. ஏலகிரிக்குக் குடும்பத்தோடு போய் வந்ததிலிருந்து, நிறுத்துகிற இடத்தில் இடது முன்சக்கரத்துக்கு உள்பக்கமாக எண்ணெய்க் கறை. காலையில் இரண்டாம் கியர் விழ முரண்டு பிடிக்கிறது, வண்டி சூடானதும் சரியாகிவிடுகிறது. பட்டறையில் காட்டினேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், "பாக்ஸை இறக்கணும், அப்படியே கிளட்ச் செட்டும் மாத்திடலாம்" என்றார்கள். கிளட்ச் நன்றாகத்தான் பிடிக்கிறது. அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக இந்த வண்டியை விட்டால் வேறில்லை. என்ன செய்யலாம்?

பதில் (காட்பாடி)

சொட்டுவது என்ன எண்ணெய் என்று முதலில் பாருங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, சக்கரம் நிற்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் எந்த இடத்தில், எந்த நிறத்தில் விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், அதை விட்டுவிடலாம். பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்து லேசாக இனித்த வாடை வந்தால் கூலன்ட். கறுப்பு, பழுப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். கியர் ஆயில் அதைவிடக் கெட்டி, கந்தக நெடி அடிக்கும். ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. உங்களுடையது கேபிள் கிளட்ச், அதனால் கிளட்ச் பக்கத்திலிருந்து பிரேக் ஆயில் கசிய வழியில்லை.

பதில் (ராணிப்பேட்டை, பட்டறை வைத்திருப்பவன்)

காட்பாடி அண்ணன் சொன்னது சரி. அடுத்து, கசிவு தொடங்கும் இடம். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் இழுத்துப் பூசிவிடும், அதனால் ஈரமாக இருக்கும் இடமெல்லாம் கசியும் இடம் இல்லை. அடிப்பக்கத்தை டீசல் போட்டுத் துடைத்துக் காயவிட்டு, கிரீன் சர்க்கிள் வரை ஒரு சுற்று ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இருப்பதிலேயே மேலே எங்கே தெரிகிறதோ அதுதான் இடம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைய வேண்டாம் தம்பி, ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

இன்ஜினும் பாக்ஸும் சேரும் மூடியின் அடியில் சொட்டினால் இன்ஜின் பின்சீல் அல்லது பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் (சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்). அதற்குப் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஈரம் என்றால் அந்தப் பக்க ஆயில் சீல். ஷாஃப்டை மட்டும் உருவி மாற்றலாம், பாக்ஸை இறக்க வேண்டியதில்லை, கிளட்சையும் தொட வேண்டாம். நீங்கள் சொல்லும் இடத்தைப் பார்த்தால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். ஷாஃப்டை உருவினால் ஆயில் கொட்டும், முதலில் வடித்துவிடச் சொல்லுங்கள். ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தில் விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது.

இன்னொன்று, பலர் பார்க்காமல் விடுவது: பாக்ஸின் மேலே இருக்கும் பிரீதர், அதாவது உள்காற்று வெளியேறும் துளை. மண் அடைத்துக்கொண்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும், போக வழியில்லாமல் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். 14 கொண்டை ஊசி வளைவையும் கீழ்க் கியரில் ஏறிய பிறகு கசிவு தெரிய வந்தது என்கிறீர்களே, அதை அவசியம் பாருங்கள்.

பதில் (குடியாத்தம்)

அதுவரை நெடுந்தூரம் வேண்டாம் சார். பல வண்டிகளில் கியர் ஆயிலுக்கு அளவுகோல் கிடையாது, ஆயில் ஊற்றும் ஓட்டையின் மூடியான ஃபில்லர் பிளக்கைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். குறைந்தே ஓடினால் பேரிங் போய்விடும். அப்புறம் செலவு கிளட்ச் செட்டோடு நிற்காது.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அட்டையில் விழுந்தது கெட்டி எண்ணெய், அதே கந்தக நெடி. துடைத்து ஓட்டிப் பார்த்தபோது இடது டிரைவ் ஷாஃப்ட் வாயில்தான் ஈரம், பாக்ஸ் மூடியின் அடி காய்ந்தே இருந்தது. தொரப்பாடியில் வேறொரு மெக்கானிக் சீலை மாற்றித் தருகிறார், அன்றைக்கே வண்டி கிடைத்துவிடும். பிரீதர் மூடி மண்ணும் எண்ணெயுமாக இறுகிப் போயிருந்தது, கழுவிவிட்டார். ஷாஃப்டை உருவும்போது பள்ளம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எந்த ஆயில் ஊற்றச் சொல்வது?

பதில் (ராணிப்பேட்டை)

கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு மட்டும். ஜிஎல்-4 என்று இருந்தால் கடைக்காரர் ஜிஎல்-5 தந்தாலும் வாங்காதீர்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில பாக்ஸ்களில் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும். வடிக்கும் முன்பே ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வடித்த பிறகு அது இறுகிக்கொண்டால் ஊற்ற வழி இருக்காது. டிரெயின் பிளக் வாஷரும் புதிது போடட்டும். சமதளத்தில் நிறுத்தி, ஃபில்லர் ஓட்டையின் விளிம்பைத் தொடும் வரை ஊற்றினால் போதும். இரண்டாம் கியர் முரண்டு ஆயில் குறைவால் இருந்தால் இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் எழுதுங்கள், சிங்க்ரோவைப் பார்க்கலாம்.