மறுமொழி: வளைவுக்குக் காசு சேர்ப்பது பற்றி

எல்லோருக்கும் வணக்கம்.

ஊர் வாசலில் வளைவு கட்டத் தலைக்கு எவ்வளவு என்று லண்டன் பக்கம் பேச்சு ஓடுகிறது. வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். மாரியில் திருகோணமலைப் பக்கம் எங்கள் ஊர் தம்பலகாமத்தில் ஒன்பது நாள் நின்றுவிட்டு வந்தவள், அதனால் எழுதுகிறேன்.

வயல் வரம்பெல்லாம் தண்ணீருக்குள். டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் தண்டவாளத்தில்தான் நடக்கிறார்கள். காய்ந்த இடம் அது ஒன்றுதான். சின்னண்ணனின் மகன் சைக்கிளைச் சிலிப்பர் கட்டைகளுக்கு மேலால் தூக்கித் தூக்கித் தள்ளிக்கொண்டு போனான், காதில் ஹெட்போன். பின்னால் கோச்சி (ரயில்). சாரதி ஊதின ஊது வீட்டு முற்றத்தில் நின்ற எனக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. வயலுக்குள் நின்ற ஒருவர் மண்கட்டியால் எறிந்த பிறகுதான் திரும்பினான். சைக்கிளை விட்டுவிட்டுச் சரிவில் உருண்டான். சைக்கிளின் பின் சில்லு அப்பளம் மாதிரிக் கிடந்தது.

"ஓரத்தாலதானே மாமி போனேன்" என்கிறான். ஓரம் எங்கே இருக்கிறது? இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 5 அடி 6 அங்குலம். பெட்டி அதைவிட அகலம், இரண்டு பக்கமும் ஒன்றரை அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு வரும். சாரதி கண்டு பிறேக் போட்டாலும் பல நூறு மீட்டர் தாண்டித்தான் நிற்கும்.

தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்டதையும், சதக் காசை நசுக்கினதையும் நோர்வே அண்ணன் அழகாக எழுதியிருந்தார். நானும் நசுக்கியிருக்கிறேன். பிள்ளைகள் இருக்கிற குழுவில் மட்டும் அதைப் போடாதீர்கள் அண்ணன்.

கேட் போடலாம் என்றார் கனடாத் தம்பி. அது புகையிரதத் திணைக்களத்தின் வேலை, நாங்கள் காசோடு போய் நட்டுவிட்டு வர முடியாது. போட்டாலும், தண்டவாளம் நெடுக நடக்கிற பிள்ளையைக் கடவையில் இருக்கிற கேட் என்ன செய்யும்? பிரதேச சபையில் கேட்டு, வாய்க்கால் கரையை உயர்த்திக் கிறவல் (சரளை மண்) போட்டுத் தந்தால் போதும், ஒருவரும் மேலே ஏறமாட்டார்கள். வளைவு பிறகு பார்க்கலாம்.

– மாமி

*

மாமி, பாதைக்கு நான் எதிரில்லை. ஆனால் கோயில் கூரைக்குச் சேர்த்ததில் மிச்சம் 38,500 ரூபா. அது எங்கே? கிறவல் ஒரு லோட் என்ன விலை, எத்தனை லோட், யார் பில் எடுப்பது? இதெல்லாம் வராமல் நான் ஒரு சதமும் போடமாட்டேன். மற்ற ஊர்க்காரர் எல்லோரும் வளைவு கட்டிவிட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

– கனடா

*

கூரைக் கணக்கை இரண்டு தடவை அனுப்பினேன். மிச்சம் வங்கிப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, மூன்றாம் தடவையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். பாதைக்கு என் பங்கு 100 பவுண்.

தம்பி கணக்குக் கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பா படலையைத் திறந்துவிட்டுப் போன அன்று கோச்சியில் அடிபட்ட எங்கள் இரண்டு எருமைக்கும் இன்னும் காசு வரவில்லை. ஒன்று கன்றுத்தாய்ச்சி.

– லண்டன்