வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஜெபம் நடத்துவது: தகப்பனிடம் உள்ள உரிமையும் தாழ்மையும்

மார்த்தாண்டம்காரன் (கேள்வி)

எங்கள் சபையில் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தை ஆள் மாற்றி ஆள் நடத்துகிறோம். அடுத்த வாரம் என் முறை. இங்கே வழக்கத்தில் இருப்பது இரண்டு வகை. ஒன்று, "அப்பா, இதைத் தந்தே தீரவேண்டும்" என்று கட்டளை போடுவது. மற்றது, "புழுவிலும் கேடானவன், தூசியிலும் தூசி" என்று தன்னைத் திட்டிக்கொண்டே போவது. இரண்டும் மனதுக்கு ஒட்டவில்லை. பிள்ளையாகவும் பேச வேண்டும், தாழ்மையாகவும் பேச வேண்டும் என்றால் ஜெபத்தை எப்படி அமைப்பது? நோய், கடன் என்று வரும் விண்ணப்பங்களை எப்படிச் சொல்வது? முழங்காலில்தான் நிற்க வேண்டுமா?

பழைய பெஞ்சு

தம்பி, முதலில் லூக்கா 18:9-14ஐ மெதுவாக வாசியுங்கள். ஆலயத்தில் ஜெபிக்கப் போன இரண்டு பேரைப் பற்றி இயேசு சொன்ன கதை அது: ஒருவன் மதச்சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயன், மற்றவன் வரி வசூலிக்கும் ஆயக்காரன். பரிசேயன் நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கிறான். வாரத்தில் இரண்டு உபவாசம், தசமபாகம் என்று அவன் சொன்னதைப் பொய் என்று இயேசு சொல்லவும் இல்லை. ஆனால் அந்த ஜெபத்தில் ஒரு விண்ணப்பம்கூட கிடையாது. தகப்பனிடம் கேட்க அவனுக்கு ஒன்றுமே இல்லை. ஆயக்காரன் சொன்னது ஒரே வரி, அதுவும் ஒரு விண்ணப்பம். அவன் பாவப் பட்டியல் வாசிக்கவில்லை, வசவுகளை அடுக்கவும் இல்லை. ஐந்து நிமிடம் தன்னைத் திட்டுகிறவரும் ஐந்து நிமிடம் தன்னைப் பற்றித்தானே பேசுகிறார்? அது தாழ்மை உடுப்பு போட்ட பெருமை.

அமைப்புக்கு மத்தேயு 6:9-13 போதும். முதல் மூன்று விண்ணப்பங்களும் பிதாவின் நாமம், ராஜ்யம், சித்தம். அப்பம் நான்காவது, அதுவும் அன்றாடத்துக்கு மட்டும். தொடக்கம் முதல் முடிவு வரை "எங்கள்", "எங்களுக்கு"தான். "நான்" வருவதே இல்லை.

மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பிதாவை அழைக்க இரண்டு வாக்கியம். பிறகு நன்றி: "சகல நன்மைகளுக்காகவும்" என்று மொத்தமாகச் சொல்லாமல், அந்த வாரம் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். நாலு நாள் மழைக்குப் பிறகு ரப்பர் பால் வெட்ட முடிந்தது என்றால் அதையே சொல்லலாம். அடுத்து பாவ அறிக்கை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "இந்த வீட்டாரின் குறைகளை மன்னியும்" என்று விருந்து போட்டவர்களின் பாவத்தை இவர் அறிக்கையிடுவார்! எப்போதும் "எங்களை மன்னியும்". அதன்பின் விண்ணப்பங்கள், கடைசியில் இயேசுவின் நாமத்தில் முடிப்பு.

இன்னொரு கோளாறு, கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கம் செய்வது. "ஆண்டவரே, சிலர் ஆராதனைக்கு வருவதே இல்லை, அவர்களுக்கு உணர்வைத் தாரும்" என்றால் அது எதிரே இருப்பவருக்குப் போட்ட குத்து. வாக்கியத்துக்கு வாக்கியம் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று வருவது அடுத்த வார்த்தை கையில் இல்லாததால்தான். அந்த இடத்தில் இரண்டு மூச்சு சும்மா இருங்கள்.

கடலோர அன்பியம்

நாங்கள் கத்தோலிக்கர், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டார் சேர்ந்து செபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்திலும் இதே சிக்கல்தான். அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.

2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கி புயலில் வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் பக்கம் எத்தனையோ வீட்டு ஆண்கள் கடலிலிருந்து திரும்பவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் "தந்தை எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்று எடுத்தவுடன் சொன்னால், அது அவர்கள் வாயை அடைப்பது போலாகும். பாடுபடுவதற்கு முந்தின இரவு இயேசு செபித்த மாற்கு 14:36இன் வரிசையைப் பாருங்கள். "அப்பா, தந்தையே" என்ற அழைப்பு. எல்லாம் உம்மால் முடியும் என்ற அறிக்கை. இந்தக் கிண்ணத்தை எடுத்துவிடும் என்று ஒளிக்காத விண்ணப்பம். ஒப்புக்கொடுத்தல் கடைசியில்தான் வருகிறது. பலர் விண்ணப்பத்தைத் தாண்டிக் குதித்து "உம் சித்தம்" என்று தொடங்கிவிடுகிறார்கள். அதற்குத் தாழ்மை என்று பேர் வைத்தாலும், உள்ளே இருப்பது கேட்கப் பயம். 39ஆம் வசனத்தில் அவரே திரும்பப் போய் அதே வார்த்தைகளைச் சொல்லிச் செபித்தார். எனவே ஒரே விண்ணப்பத்தை அடுத்த வாரமும் கொண்டுவருவது விசுவாசக் குறைவு ஆகாது.

விண்ணப்பங்களைக் கூட்டம் தொடங்குமுன் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். பெயரைச் சொல்லலாமா என்று அவரவரிடமே கேளுங்கள். "கடன் பாரம்" போதும். தொகையும் வட்டிக்காரன் பெயரும் வேண்டாம். நோயின் பெயர், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சொன்னது எல்லாம் மறுநாள் காலை சந்தைக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

முழங்கால்

ஜெபிக்கும்போது உடல் இருக்கும் நிலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லூக்கா 18இல் இருவரும் நின்றுதான் ஜெபித்தார்கள். எபேசியர் 3:14இல் பவுல் பிதாவுக்கு முன்பாக முழங்கால்படியிடுகிறார். குமரி மாவட்டத்துக் காற்றாடிமலையில் மறைசாட்சி புனித தேவசகாயம் முழந்தாளிட்டுச் செபித்த தடம் என்று ஒரு பாறையைக் காட்டுவார்கள். 1752இல் அங்கேதான் அவரைச் சுட்டார்கள். மண்டியிடுவது நல்ல வழக்கம். ஆனால் மூட்டுவலிக்காரப் பாட்டிமார் இருந்தால் "முடிந்தவர்கள் முழங்காலில், மற்றவர்கள் உட்கார்ந்தபடியே" என்று முதலிலேயே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து ஆளைப் பார்த்து வெட்கத்தில் மண்டியிட்டுவிட்டு எழும்ப முடியாமல் திண்டாடுவார்கள்.

மார்த்தாண்டம்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஒன்று விட்டுப்போயிற்று. கூட்டம் நடக்கிற வீட்டில் தகப்பன் குடித்துவிட்டு வந்து அடிப்பவர். பிள்ளைகள் முன்னால் "பிதாவே" என்று எப்படிச் சொல்வது?

பழைய பெஞ்சு

வார்த்தையை மாற்றாதீர்கள். ஆனால் "நம்ம அப்பா மாதிரி கடவுள்" என்று விளக்கப் போகாதீர்கள். லூக்கா 15:20ஐ வாசிக்கச் சொல்லுங்கள். அந்தத் தகப்பன் தூரத்திலேயே பார்த்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான், கை ஓங்கவில்லை. தாயும் தகப்பனும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்ற சங்கீதம் 27:10 சேர்த்தால் போதும், மேலே பேச்சு வேண்டாம். அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் ஜெபத்துக்குள் அவரைக் குத்தாதீர்கள். நீங்கள் போனபிறகு அடி வாங்குவது பிள்ளைகள். அடிப்பது உண்மையென்றால் ஜெபத்தோடு நிறுத்தவும் கூடாது. போதகரிடம் தனியே சொல்லுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கும் கூப்பிடுங்கள்.